சிவப்பின்மேல் வெள்ளைச் சக்கரம்: அது வண்டி செய்தவர்களின் ஊரா?

கேள்வி: நான் படிக்க வந்திருக்கும் ஜெர்மன் சிற்றூரின் சின்னத்தில் சிவப்புக் கேடயத்தின்மேல் வெள்ளைச் சக்கரம் இருக்கிறது. முன்பு இங்கே வண்டி செய்பவர்கள் வாழ்ந்தார்களா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜெர்மனியின் மைன்ட்ஸ் நகரத்துப் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் தீயணைப்பு வண்டியின் கதவில் அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இது தச்சர்கள் ஊராம்" என்று அம்மாவிடம் போனில் சொல்லியும்விட்டேன். அடுத்த ஊருக்குப் போனால் அங்கேயும் அதே சக்கரம். எல்லா ஊரிலும் வண்டி செய்தால் ஏறிப் போக ஆள் வேண்டாமா?

அது தொழிலைச் சொல்லும் சின்னம் அல்ல. ஊர் யாருடையது என்பதைச் சொல்லும் சின்னம். சிவப்பில் ஆறு ஆரக்கால் கொண்ட வெள்ளைச் சக்கரம் மைன்ட்ஸ் பேராயருக்கு உரியது. அவர் பூசை செய்வதோடு நின்றவர் அல்லர்; நிலம் ஆண்டவர், மன்னரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவர். தொலைவிலுள்ள எர்ஃபுர்ட்டும் அவர் ஆட்சியில்தான் இருந்தது. அந்நகரின் சின்னத்திலும் இதே சக்கரம். 1803-இல் பேராயரின் ஆட்சி முடிந்தது. சக்கரத்தை மட்டும் ஊர்கள் விடவில்லை.

சக்கரம் ஏன் என்பதற்கு மைன்ட்ஸ் பக்கத்து ஊர்களில் ஒரு கதை சொல்வார்கள். 975 முதல் 1011 வரை பேராயராக இருந்த வில்லிகிஸ், சக்கரம் செய்யும் தச்சரின் மகனாம். மேட்டுக்குடிப் பாதிரியார்கள் அவர் வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் சக்கரம் வரைந்து குத்திக்காட்டினார்கள். அவர் கோபிக்கவில்லை. தம் அறைகளிலேயே சிவப்பில் வெள்ளைச் சக்கரங்களைத் தீட்டச் செய்து, "வில்லிகிஸ், எங்கிருந்து வந்தாய் என்பதை நினை" என்று எழுதி வைத்தாராம். எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் ஐரோப்பாவில் இத்தகைய கேடயச் சின்னங்கள் பரவியதே 12-ஆம் நூற்றாண்டில்தான். அவர் இறந்து நூறாண்டுக்கும் மேலான பிறகு!

உங்கள் ஊர்ச் சக்கரம் மைன்ட்ஸுடையதுதானா என்று உறுதிசெய்ய நிறத்தைப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புச் சக்கரம் என்றால் அது ஓஸ்னாப்ருக் நகரத்துடையது. விளிம்பில் கத்திகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது புனித கத்தரீனாளின் அடையாளம். ஊர்த் தேவாலயம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். விளிம்பில் பலகைகள் இருந்தால் வெறும் தண்ணீர் ஆலைச் சக்கரம்.

நிறத்தை நம்பச் சொன்னேனே, பீங்கானில் மட்டும் நம்பாதீர்கள். ஒரு பழம்பொருள் சந்தையில் பூப்போட்ட கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், மெருகுக்குக் கீழே, நகத்தளவில் நீலச் சக்கரம். இப்போது ஃபிராங்ஃபுர்ட்டுக்குள் இருக்கும் ஹோக்ஸ்ட் அன்று பேராயரின் ஊர். அங்கே 1746-இல் தொடங்கிய பீங்கான் ஆலையின் முத்திரை அது. விலையைக் கேட்டேன். கோப்பையை எடுத்த இடத்திலேயே, இரண்டு கையாலும், மெதுவாக வைத்துவிட்டேன்.