கப்பலில் வரும் அம்மாவைப் போர்ட் கிள்ளானிலிருந்து ரயிலில் அழைத்து வரலாமா?

கேள்வி: கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்பீல்ட்ஸில் வசிக்கிறேன். சிங்கப்பூரில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவும் சித்தியும் உல்லாசக் கப்பலில் வருகிறார்கள். அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி உண்டு. கப்பல் புக்கெட் போய்விட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குப் போர்ட் கிள்ளான் வருகிறது. மாலை 6 மணிக்குச் சிங்கப்பூருக்குப் புறப்படுகிறது. எங்களிடம் கார் இல்லை. போர்ட் கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நேர் ரயில் இருக்கிறதே, அதில் கூட்டி வந்து, பத்துமலை காட்டி, வீட்டில் சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டு போய் விட முடியுமா? துறைமுக வாசலிலேயே வண்டி கிடைக்கும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: சகோதரி, அம்மாவை ரயிலில் ஏற்ற வேண்டாம். துறைமுக வாசலில் வண்டி தேடவே வேண்டாம். பத்துமலையையும் இந்த முறை விட்டுவிடுங்கள். காரணங்களைச் சொல்கிறேன், அப்புறம் வழியையும் சொல்கிறேன்.

போர்ட் கிள்ளான் என்று நாம் சொல்வது இரண்டு இடங்களை. ஒன்று, கேடிஎம் கொமுட்டர் ரயில் போய் முடியும் ஊர். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே புலாவ் கேத்தாமுக்குப் படகு போகும் ஜெட்டி இருக்கிறது. உல்லாசக் கப்பல் அங்கே வராது. அது நிற்கும் இடம் புலாவ் இண்டா. மலாயில் புலாவ் என்றால் தீவு, பெயருக்கு ஏற்றபடி தீவுதான். பாலம் தாண்டிப் போக வேண்டும். வெஸ்ட்போர்ட்ஸ் கொள்கலன் துறைமுகமும் அதே தீவில்தான். வரைபடத்தில் பார்த்தால் ஸ்டேஷனும் கப்பல் முனையமும் கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். நடுவில் இருப்பது கடல். சாலையில் போனால் கொள்கலன் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரமாவது ஆகும். ரயிலைப் பிடிக்கவே ஒரு வண்டி வேண்டும், அப்புறம் கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார வேண்டும். முட்டி வலியோடு வருபவருக்கு இது எதற்கு?

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. அந்தத் தீவுக்குத் தண்டவாளம் இருக்கிறது. சரக்கு ரயில் வெஸ்ட்போர்ட்ஸ் வரைக்கும் போகிறது. கொள்கலன் பெட்டிக்கு ரயில் உண்டு, கப்பலிலிருந்து இறங்கும் மனிதருக்குக் கிடையாது. ஆயிரக்கணக்கான பயணிகள் ஒரே காலையில் இறங்கும் இடத்திலிருந்து ஊருக்குள் வர, வயதானவர்கள் நம்பி ஏறும்படி ஒரு பொதுப் போக்குவரத்தை இத்தனை ஆண்டுகளில் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. துறைமுகம் ஒரு தரப்பு, ரயில் ஒரு தரப்பு, தரைப் போக்குவரத்து இன்னொரு தரப்பு என்று பிரிந்து கிடக்கிறது. யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் காட்டுவார்கள். அந்த இடைவெளியில் பிழைக்கிறவர்கள்தான் உலாட்டுகள், வாசலில் நின்று ஆள் பிடிக்கும் தரகர்கள்.

வாசலில் வண்டி கிடைக்கும் என்று உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, கிடைக்கும். எப்படிக் கிடைக்கும் என்பதைக் கேளுங்கள். முனையத்தை விட்டு வெளியே வந்ததும் கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையோடு ஒருவர் வருவார். அட்டையில் இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன், இடத்துக்கொரு படம். படத்துக்குக் கீழே விலை. விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 'ஓர் ஆளுக்கு' என்ற வரியின் மேல் அவருடைய கட்டைவிரல் இருக்கும். அம்மாவும் சித்தியும் அதை வண்டிக்கான விலை என்று நினைத்து ஏறிவிடுவார்கள். டோல் தனி, பார்க்கிங் தனி என்பது நெடுஞ்சாலையில் போகும்போது தெரியவரும். போகிற வழியில் ஒரு சாக்லேட் கடை, ஒரு பத்தேக் துணிக் கடை. அங்கே அவருக்குக் கமிஷன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. போகிற பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, திரும்பும் நேரத்தில் 'அது போக மட்டும்தான், வர வேறு' என்பார். கப்பல் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் பேரம் பேச முடியாது என்றும் தெரியும். உங்கள் அம்மாவின் அவசரம்தான் அவருடைய முதலீடு.

இதில் பாதிப் பேர் ஓட்டுவது கெரெத்தா சாப்பு. வாடகைக்கு ஆள் ஏற்ற அனுமதி இல்லாத சொந்தக் கார். வழியில் ஏதாவது நடந்தால் பயணிக்குக் காப்புறுதி கிடைக்கும் என்று நம்ப முடியாது. கண்டுபிடிப்பது சுலபம். நம் நாட்டில் டாக்சியின் நம்பர் பிளேட் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, 'எச்' எழுத்தில் தொடங்கும். சொந்தக் கார் என்றால் கறுப்பில் வெள்ளை எழுத்து. கிரேப் வண்டிகளும் சொந்தக் கார்தான், கறுப்புப் பிளேட்தான். ஆனால் அவை உங்கள் கைப்பேசியில் பதிவு செய்தபின் வருபவை. வாசலில் நின்று 'நான் கிரேப்' என்று சொல்கிறவரை நம்பவே கூடாது. பதிவில்லாமல் ஏறினால் அதுவும் சாப்புதான். சுற்றுலா வேன் என்றால் உடம்பில் 'பெர்சியாரான்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் 'எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்' என்று முன்பணம் கேட்கும் தரகர்களையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். அவர் உங்களிடம் ஒரு விலை வாங்கி, இன்னொருவருக்குக் குறைந்த விலைக்குக் கைமாற்றிவிடுவார். காலையில் வண்டியோடு வருபவருக்குக் கப்பல் நேரம் தெரியாது, அம்மாவின் முட்டி தெரியாது, திரும்பக் கொண்டு விடும் பேச்சும் தெரியாது. முதல் நாள் இரவே ஓட்டுநரின் பெயர், வண்டி நம்பர், அவருடைய சொந்தத் தொலைபேசி எண் மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். அவரோடு நீங்களே பேச வேண்டும். 'காலையில் அனுப்புகிறேன் அக்கா' என்று தரகர் இழுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கிரேப் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். காலையில் கேஎல்லிலிருந்து தீவுக்குப் போகக் கிரேப் கிடைக்கும். பிற்பகல் திரும்பவும் கிடைக்கும். டோல் மட்டும் தனியாகச் சேரும். சிக்கல் கப்பல் இறங்கும் நேரத்தில். கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் கைப்பேசியைத் தட்டும், விலை ஏறும், தீவில் இருக்கும் வண்டியோ கொஞ்சம். இடத்தின் பெயர் வேறு குழப்பும். ஒரே முனையத்தைப் போர்ட் கிள்ளான் குரூஸ் டெர்மினல் என்றும், போஸ்டெட் குரூஸ் சென்டர் என்றும், பழைய ஓட்டுநர்கள் ஸ்டார் குரூஸ் ஜெட்டி என்றும் சொல்வார்கள். 'போர்ட் கிள்ளான் ஜெட்டி' என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் நேராகக் கேத்தாம் படகுத் துறைக்குப் போய் நின்றுகொண்டு உங்களைத் தேடுவார். எந்தப் பெயரைச் சொன்னாலும் கூடவே புலாவ் இண்டா என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். 8 மணிக்குக் கப்பல் வருகிறது என்றால் 8 மணிக்கு அம்மா வெளியே வருவார் என்று பொருளில்லை. துறைமுக அனுமதி, வரிசை, கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாக் கூட்டம் முதலில் என்று 9 மணி ஆகிவிடும். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை. மாலை 6 மணிக்குப் புறப்படும் கப்பலில் 5 மணிக்குள் ஏறியிருக்கச் சொல்வார்கள்; 4 மணிக்கு வாசலில் இருப்பதுதான் நிம்மதி. அப்படியானால் 2 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மிஞ்சுவது மூன்றரை மணி நேரம். இதில் பத்துமலைக்குப் போய், 272 படியை அம்மா கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து வீட்டில் அவசரமாக நாலு வாய் சாப்பிடுவதா? வேண்டாம். ஒன்று வீடு, இல்லையென்றால் கோயில்.

வீடுதான் முக்கியம் என்றால் முழு நாளுக்கு ஒரே வண்டி பேசுங்கள். அதே ஓட்டுநர் காலையில் உங்களையும் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போய், அம்மாவையும் சித்தியையும் அழைத்து வந்து, பிற்பகல் திரும்பக் கொண்டு விட வேண்டும். வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிடாதீர்கள். ஓட்டுநர் முஸ்லிம் என்றால் மதியம் ஜும்மா தொழுகைக்குப் போவார், போகத்தான் வேண்டும். உங்கள் சாப்பாட்டு நேரத்தை அதோடு பொருத்திவிட்டால் இருவருக்கும் சௌகரியம். 2 மணிக்கு அவர் வாசலில் நிற்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகை முடிந்து பள்ளிவாசல் கூட்டம் கலையும் நேரத்தில் சாலையும் நெரியும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கேஎல் பக்கமே வர மாட்டேன். போர்ட் கிள்ளானுக்கு அருகில் உள்ள கிள்ளான் நகரில் இருக்கும் ஓட்டுநரை அமர்த்துவேன். காலையில் நீங்கள் மட்டும் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, கிள்ளான் ஸ்டேஷனில் இறங்குங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த நாளில் ரயிலுக்கு உள்ள வேலை அதுதான். ஸ்டேஷனிலிருந்து அந்த வண்டியில் தீவுக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு, நேராக சுந்தரராஜப் பெருமாள் கோயில். மலையேற வேண்டியதில்லை, படி எண்ண வேண்டியதில்லை, அம்மா நடந்தே உள்ளே போய் நிம்மதியாகச் சேவிக்கலாம். பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதல் வேலையாக அங்கே போங்கள். அப்புறம் ஜாலான் தெங்கு கிளானா, நம்ம லிட்டில் இந்தியா. வாழையிலைச் சாப்பாடு, சித்திக்குப் புடவைக் கடை, உட்கார்ந்து பேச நேரம். வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்றால் டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு போங்கள். தூரம் குறைவு என்பதால் வண்டிக்கூலியும் குறையும்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் மட்டும் அலட்சியமாக இருக்காதீர்கள். டோல், பார்க்கிங், காத்திருப்பு எல்லாம் சேர்த்து வண்டிக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். குறுஞ்செய்தி போதும். விலை நியாயமா என்று தெரிய, முந்தைய வாரம் அதே கிழமை, அதே நேரத்தில் கிரேப்பில் இரண்டு முனைகளையும் போட்டுப் பாருங்கள், பதிவு செய்ய வேண்டியதில்லை. முன்பணம் கொஞ்சம் கொடுக்கலாம். மீதி, அம்மா மாலையில் முனையத்தின் வாசலில் இறங்கிய பிறகுதான்.

ஒரு விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, உங்கள் கப்பல் புக்கெட்டிலிருந்து வருவதால். தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் துறைக்குத் துறை கடிகாரத்தை மாற்றும், சில சிங்கப்பூர் நேரத்தையே கடைசி வரை வைத்திருக்கும். கைப்பேசி கரைக்கு வந்ததும் தானாக மாறிவிடும். அம்மாவின் கைக்கடிகாரம் மாறாது. புக்கெட்டில் யாராவது ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்து, அப்படியே விட்டுவிட்டால், மாலை 5 மணிக்கு அது 4 என்று காட்டும். இன்னும் நேரம் இருக்கிறது என்று கடையில் உட்கார்ந்திருப்பீர்கள், கப்பல் ஏணியை எடுத்துவிடும். மறுபக்கம், கப்பல் தாய்லாந்து நேரத்தில் இருந்து, நீங்கள் மலேசிய நேரத்தில் நடந்தால் ஒன்றும் மோசமில்லை, ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பீர்கள், அவ்வளவுதான். ஆபத்து ஒரே பக்கம்தான் இருக்கிறது. அதனால் காலையில் அம்மாவைப் பார்த்ததும் முதலில் அவர் கடிகாரத்தை உங்கள் கைப்பேசியோடு ஒப்பிடுங்கள். 'திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரம் கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா' என்று இறங்குவதற்கு முன் கப்பல் வரவேற்பு மேசையில் சித்தியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தை ஓட்டுநருக்கும் சொல்லிவிடுங்கள்.

வண்டி எதுவுமே அமையவில்லை என்றால் கப்பலில் விற்கும் கேஎல் பேருந்துச் சீட்டை முதல் நாளே வாங்கச் சொல்லுங்கள். விலை அதிகம்தான். ஆனால் கப்பலின் சொந்த ஏற்பாட்டில் போன பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும்; நாமாகப் பேசிய வண்டிக்குக் காத்திருக்காது. பேருந்து நகரில் எங்கே இறக்கும், எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றும் என்று கேட்டு உங்களுக்குச் சொல்லட்டும், நீங்கள் அங்கே போய்க் காத்திருங்கள்.

கப்பல் நிற்கும் மேடைப் பக்கம் பயணிகள் அல்லாதவர்கள் போக முடியாது. சந்திக்கும் இடத்தை முனையக் கட்டடத்தின் வெளிவாசல் என்றே பேசிக்கொள்ளுங்கள். இடையில் யார் பேசினாலும் 'மகள் வந்திருக்கிறாள்' என்று சொல்லிவிட்டு நேராக வரச் சொல்லுங்கள். இருவரும் பாஸ்போர்ட்டையும், தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்தையும் கைப்பையிலேயே வைத்திருக்கட்டும். கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும், அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வழியில் தாமதம் ஆகும் என்று தெரிந்தவுடனே, வாசலை அடையும்வரை காத்திருக்காமல், அந்த எண்ணுக்கு அழையுங்கள். அப்படியும் கப்பல் போய்விட்டால் அதன் அடுத்த துறை சிங்கப்பூர்தான். பாஸ்போர்ட் கையில் இருந்தால் விமானத்திலோ, டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்திலோ அம்மா நேராகத் தம்பி வீட்டுக்கே போய்விடலாம். கப்பலில் விட்ட பெட்டியை எப்படிப் பெறுவது என்று முகவரையே கேளுங்கள்.