மாடல் கோணலாக வருகிறதா? கடைக்குப் போகும் முன் அட்டையை அளந்து பாருங்கள்

கேள்வி: என் மகள் முதலாண்டு பி.ஆர்க் (கட்டடக்கலை) படிக்கிறாள். 30-க்கு 40 அடியில் ஒரு சிறிய வீட்டை வடிவமைத்து, 1:100 அளவில் (நூறில் ஒரு பங்காக) கையால் மாடல் செய்து காட்ட வேண்டும். ஃபோம் போர்டில் (இரண்டு தாள்களுக்கு நடுவே தெர்மாகோல் போன்ற நுரை உள்ள அட்டை) இரண்டு முறை செய்துவிட்டாள். மூலைகள் சேரவில்லை, அறைகள் சிறுத்துவிட்டன, தரை அட்டை வளைந்துவிட்டது. கல்லூரிக்குப் பக்கத்துக் கடையில் 14,000 ரூபாய்க்குச் செய்து தருகிறார்களாம். இன்னோர் இடத்தில் சான்றிதழோடு ஒரு மாதப் பயிற்சிக்கு 18,000 கேட்கிறார்கள். எதற்குக் கொடுப்பது? - ஒரு வாசகி, திருச்சி.

பதில்: இரண்டுக்கும் கொடுக்க வேண்டாம். உங்கள் மகளின் கையில் பெரிய குறை எதுவும் இல்லை. தவறான அட்டையை வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபோம் போர்டு 5 மி.மீ. தடிமன். 1:100 அளவில் அது அரை மீட்டர் சுவர். கோட்டைக்குத்தான் அப்படிச் சுவர் கட்டுவார்கள். நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 230 மி.மீ., அதாவது மாடலில் 2.3 மி.மீ. வெளிக்கோட்டில் அட்டையை நிறுத்தினால் மிச்சத் தடிமன் முழுவதும் அறைக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் அப்படி நுழைந்தால் பத்தடி அறை எட்டடிச் சொச்சமாகிவிடும். அறை சிறுத்ததன் மர்மம் இதுதான்.

அதே அட்டை 1:50 அளவில் 250 மி.மீ. சுவராகிறது. ஒன்பது அங்குலச் சுவரும் இருபக்கப் பூச்சும் சேர்ந்தால் ஏறத்தாழ அதே அளவு. எனவே 1:50-ல் செய்யலாமா என்று ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். வீடு சுமார் 18-க்கு 24 செ.மீ. வரும், விரல் நுழைந்து வேலை செய்ய இடமிருக்கும். 1:100-தான் வேண்டும் என்றால் ஃபோம் போர்டை மூட்டை கட்டிவிட்டு, வெளிச்சுவருக்கு 2 மி.மீ. மில் போர்டும் (நுரை இல்லாத கெட்டி அட்டை), நாலரை அங்குல உட்சுவருக்கு 1 மி.மீ. அட்டையும் வாங்குங்கள்.

மூலை சேராததற்குக் காரணம் கழித்தல் கணக்கு. முன்சுவரும் பின்சுவரும் முழு நீளம் ஓடினால், அவற்றுக்கு இடையே நிற்கும் பக்கச்சுவரில் இரண்டு அட்டைகளின் தடிமனைக் கழிக்க வேண்டும். 2 மி.மீ. அட்டை என்றால் 4 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். அதோடு கட்டர் சாய்ந்தால் வெட்டுமுகமும் சாயும், மூலை வாய் பிளக்கும். நின்றுகொண்டு, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி, பிளேடை நேராகப் பிடித்து, லேசாக மூன்று நான்கு முறை இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் மேல்தாளில் கோடு விழுந்தால் போதும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்ப்பவர்களுக்குத்தான் விரல் போகிறது. சன்னலை வெட்டும்போது நான்கு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கி இழுத்தால் கீறல் வெளியே ஓடாது. பிளேடு முனை மழுங்கியதும் தயங்காமல் உடைத்துப் போடுங்கள். பிளேடில் மிச்சம் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தரை அட்டை வளைந்தது ஃபெவிகாலால். அதில் தண்ணீர் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தடவித் தாளை ஒட்டினால் அந்தப் பக்கம் ஊறி, காயும்போது இழுத்துக்கொள்ளும். மறுபக்கத்திலும் அதேபோல் ஒரு தாளை ஒட்டி, கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வையுங்கள். சுவருக்கு ஊசிமுனை அளவு பசை போதும். ஃபெவிக்விக்கைத் தெர்மாகோல் பக்கமே கொண்டுபோகக் கூடாது, கரைத்துத் தின்றுவிடும்.

இன்னொன்று, பிரிண்ட் எடுக்கும் கடை. கணினியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அச்சடித்துத் தருவார்கள். வரைபடம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 10 செ.மீ. கோடு ஒன்றைப் போட்டுவைத்து, தாள் கைக்கு வந்ததும் அளந்து பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

இப்போது மாடல் கடைக்கு வருவோம். 1:100-ல் உங்கள் வீடு 9-க்கு 12 செ.மீ. கைக்குள் அடங்கும் அந்தப் பொருளுக்கா 14,000 ரூபாய்? அந்தத் தொகையில் பெரும்பங்கு பிளாஸ்டிக் மரம், செயற்கைப் புல், சின்ன விளக்கு, கண்ணாடிப் பெட்டிக்குத்தான். ஆளைக் கூட்டிவரும் சீனியர் மாணவருக்குத் தரகும் அதிலேயே சேர்ந்திருக்கும். ரிவ்யூவுக்கு, அதாவது ஆசிரியர்கள் மாடலை மதிப்பிடும் நாளுக்கு, முந்தைய இரவுவரை இழுத்தடித்து அவசரக் கட்டணம் கேட்பது ஒரு தந்திரம். வரைபடக் கோப்பினை வாங்கிவைத்து, அதே வீட்டை இன்னொரு கல்லூரி மாணவருக்கு நிறம் மாற்றி விற்பது இன்னொன்று. மதிப்பெண் போடும் ஜூரியாக உட்கார்ந்து ஒரே மாடிப்படியை இரண்டு ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

கடைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. விளக்கு எரியும் மாடலுக்கு மதிப்பெண் போடும் பேராசிரியர்கள் இருக்கும்வரை அந்தக் கடைகளும் இருக்கும். 'கையால் செய்' என்று பாடத்திட்டத்தில் எழுதுகிறார்கள். பட்டறைக்கு ஒதுக்கிய நேரத்தை வேறு வகுப்பு விழுங்கிவிடுகிறது, கட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஐந்து பாடங்களின் சமர்ப்பிப்பையும் ஒரே வாரத்தில் வைத்துவிட்டு, பிள்ளை வெளியே கொடுத்துவிட்டது என்று ஒழுக்கம் பேசுகிறார்கள். பளபளப்பால் வடிவம் தப்பிக்கும் என்றும் எண்ண வேண்டாம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்காக 1673-74-ல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் தச்சர்களை வைத்து ஓக் மரத்தில் ஆறு மீட்டருக்கும் நீளமான மாடல் செய்வித்தார். செலவு சுமார் 600 பவுன். மாடல் இன்றும் இருக்கிறது, அந்த வடிவத்தைத்தான் ஏற்கவில்லை.

வெளியே கொடுக்கலாம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்றே ஒன்று: மலைச்சரிவு மனையின் காண்டூர் அடுக்குகள், அதாவது சம உயரக் கோடுகளின்படி வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் பலகைகள். உங்கள் மகளின் மனை சமதளம்தான். ஆனாலும் அடுத்த ஆண்டு ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஒரு விடுதி வடிவமைக்கச் சொல்வார்கள், அதனால் இப்போதே கேட்டுவையுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு என்றால், 1:200-ல் ஓர் அடுக்கு 5 மி.மீ. எட்டு மீட்டர் சரிவுக்கு எட்டு அடுக்குகள். 5 மி.மீ. எம்.டி.எஃப். பலகையை (மரநாரை அழுத்திச் செய்தது) கட்டரால் வளைவாக வெட்ட முடியாது, லேசர்தான் எளிய வழி. லேசர் கடைக்குக் கொடுக்கும் கோப்பில் ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கின் கீழே ஒரு செ.மீ. நுழையும்படி வரைய வேண்டும், இல்லாவிட்டால் ஒட்ட இடமிருக்காது. மேலடுக்கு உட்காரும் கோட்டையும் அடுக்கின் எண்ணையும் வெட்டாமல் லேசாகக் கீறச் சொல்ல வேண்டும். ஒரே கோடு இருமுறை விழுந்திருந்தால் லேசர் இருமுறை போகும், பலகை கருகும், நிமிடக் கணக்கில் வாங்கும் கடையில் கட்டணமும் ஏறும். சன்போர்டை லேசரில் கொடுக்கவே கூடாது. அது பி.வி.சி. பிளாஸ்டிக், சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும். 'பரவாயில்லை, வெட்டித் தருகிறேன்' என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வெட்டிய அடுக்குகளை ஒட்டும் வேலை மகளுடையது.

பயிற்சிக்கு வருகிறேன். மாடல் செய்ய யாருக்கும் சான்றிதழ் தேவையில்லை. 1972-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர்கள் சட்டம் பதிவு கேட்பது கட்டடக் கலைஞர் என்று போட்டுக்கொள்பவர்களிடம்தான். 'அங்கீகாரம் பெற்ற மாடல் பயிற்சி' என்று விளம்பரம் பார்த்தால், எந்த அங்கீகாரம் என்று எழுத்தில் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

ஒரு கட்டர், ஏ3 கட்டிங் மேட், ஸ்டீல் ஸ்கேல், நான்கைந்து அட்டைகள் எல்லாம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். முழு வீட்டைத் தொடாமல், ஒரு சன்னலும் ஒரு கதவும் உள்ள ஒரே ஒரு மூலையை மட்டும் முதலில் செய்யட்டும். அது சரியாக நின்றதும் மாடிப்படி. 150 மி.மீ. படி 1:100-ல் 1.5 மி.மீ., அதே தடிமன் அட்டையில் ஒவ்வொரு துண்டையும் முந்தையதைவிட 3 மி.மீ. குட்டையாக வெட்டி அடுக்கினால் படி தானாக வந்துவிடும்.

கடைக்கு முன்பணம் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். அந்தத் தொகைக்கு அந்தக் கடையிலேயே 2 மி.மீ. மில் போர்டாகவும் பிளேடாகவும் வாங்கி வந்துவிடுங்கள்.