சின்ன டெர்ம்னு எதை வெச்சு சொல்றாங்க?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினம் பஸ்ல கோயமுத்தூர் போய் எம்.எஸ்சி. அப்ளைடு மேத்ஸ் படிக்கிறேன், முதல் வருஷம். பெர்டர்பேஷன் மெத்தட்ஸ் (ஈக்வேஷன்ல இருக்கற சின்ன எண்ணை வெச்சு தோராயமா விடை கண்டுபிடிக்கிற முறை) கிளாஸ்ல சார் "இது சின்னது, விட்டுடலாம்"னு டெர்மை அடிச்சுட்டுப் போயிடறாரு. பி.எஸ்சி.ல ப்ரூஃப் எழுதியே பழகின எனக்கு இது ஏமாத்து வேலையா தெரியுது. ப்யூர் மேத்ஸுக்கு மாறிடட்டுமா?

பதில்: மாறுறத அப்புறம் பாத்துக்கலாம் அம்மிணி, மொதல்ல ஒரு நோட்டு எடு. 0.01 எக்ஸ் ஸ்கொயர் + எக்ஸ் − 1 = 0, பத்தாங்கிளாஸ் கணக்குதான். மொத டெர்ம் சின்னதுன்னு விட்டா எக்ஸ் = 1, நிஜ விடை 0.990, பரவால்ல, ஆனா ரெண்டு ரூட்ல இன்னொண்ணு காணாமப் போச்சு பாரு, அது −100.99ல உக்காந்திருக்கு! எக்ஸ் அவ்ளோ பெருசானா ஸ்கொயர் டெர்ம் சின்னதே இல்ல, நூத்துக்கு மேல போயிடும்.

சரி, நடு டெர்மை விட்டுப் பாரு. எக்ஸ் = 10 இல்லன்னா −10 வரும், ஆனா நீ விட்டது 10, வெச்சுக்கிட்டது வெறும் 1, அதனால இது செல்லாது. கடைசி 1ஐ விட்டா எக்ஸ் = −100, வெச்சுக்கிட்டது ரெண்டும் 100 சைஸு, விட்டது 1, இது செல்லும். விட்டத திரும்ப உள்ள போட்டு சைஸ் பாக்கறதுதான் இங்க முக்கியமான வேலை, உங்க சார் அத மனசுக்குள்ளயே முடிச்சுட்டு போர்டுல எழுதாம விட்டிருப்பாரு, அனுபவசாலிங்க கிட்ட இருக்கற கெட்ட பழக்கம் அது. (இதுக்கும் கறாரான ப்ரூஃப் எல்லாம் இருக்கு, பின்னாடி வரும்.)

டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்லயும் இதே கததான். தண்ணியோட பிசுக்கு ரொம்ப கம்மின்னு அடியோட விட்டா, ஒரே வேகத்துல போற பொருளுக்கு இழுவையே கிடையாதுன்னு விடை வரும், பதினெட்டாம் நூற்றாண்டுலயே பிரெஞ்சு கணித மேதை டாலம்பேர் இதுல மாட்டிக்கிட்டு முழிச்சாரு. 1904ல ஜெர்மன் விஞ்ஞானி பிராண்ட்டல்தான், பொருளோட மேல்பரப்ப ஒட்டின மெல்லிசான லேயர்ல மட்டும் அந்த டெர்மை விடக்கூடாதுன்னு காட்டினாரு. உன் சிலபஸ்ல பவுண்டரி லேயர்னு வருதே, அதுதான்.

இனிமே கிளாஸ்ல எந்த டெர்ம் போனாலும் ஓரத்துல அதோட சைஸ எழுதி வை, ராத்திரி பைத்தான்லயோ கால்குலேட்டர்லயோ எப்சிலானுக்கு (மேல கணக்குல 0.01 நின்ன இடத்துல வர்ற சின்ன எண்ணுக்கு) 0.1, 0.01 போட்டு நிஜ விடையோட ஒத்துப் பாரு. ஒரு செமஸ்டர் இப்படிப் படிச்சும் பிடிக்கலன்னா தாராளமா மாறிக்கோ. இப்போதைக்கு அதே கணக்குல ஸ்கொயருக்கு பதிலா க்யூப் போட்டுப் பாரு, ரெண்டு ரூட் காம்ப்ளெக்ஸா வரும், பயந்துடாத.