ஃபார்மேட்டுக்குத் தலையாட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் டி.டி.பி. கடையில் 2013-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். போன வாரம் இடி மின்னலோடு கரண்ட் போய் வந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, விட்டு விட்டு நீளமாக பீப் சத்தம். மாமனார் இருந்தபோது பாமினி ஃபான்ட்டில் அடித்து வைத்த கோயில் தல வரலாறு, பத்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில்தான். சர்வீஸ்காரர் "ஃபார்மேட் பண்ணிடலாம்மா" என்கிறார். பண்ணலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம். ஃபார்மேட் என்றால் டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. திரையே வராத பெட்டிக்கு அது வைத்தியம் கிடையாது. விண்டோஸ் வரைக்கும் பெட்டி போகவே இல்லையே!

பீப் சத்தம் நல்ல சகுனம்தான். மதர்போர்டு சாகவில்லை, எதையோ காணோம் என்று கூப்பிடுகிறது. நீளமாகக் கத்தினால் என் சந்தேகம் முதலில் ரேம் என்கிற நினைவகப் பட்டை மீது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் போர்டில் சீப்பு மாதிரி நிமிர்ந்து நிற்பதுதான் ரேம். முனையில் உள்ள கிளிப்பைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். அதன் தங்க நிறப் பற்களைப் பிள்ளைகளின் அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் துடைத்துவிட்டு, 'டக்' என்று கிளிப் விழும்வரை திரும்ப அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். என் மேஜைக்கு வந்த பழைய பெட்டிகளில் பல இந்த ரப்பரிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆயுத பூஜைக்கு ஸ்க்ரூ டிரைவரோடு அதற்கும் ஒரு பொட்டு வைப்பேன்.

சரி, அப்படியும் எழவில்லையா? பெட்டி வேறு, ஃபைல் வேறு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, 'சாட்டா டு யு.எஸ்.பி.' கன்வர்ட்டர் மூலம் இன்னொரு கணினியில் செருகுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். யு.எஸ்.பி.யில் 5 வோல்ட்தான் வரும். அதனால் தனி அடாப்டரோடு விற்கும் கன்வர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் பென் டிரைவ் போலத் திறக்கும், காப்பி எடுத்துவிடலாம். 'ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் மட்டும் கேன்சல். அந்த மாதிரி டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்க டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்கள் உண்டு. மீட்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் ஃபைல்களின் பழைய பெயரைத் தராது, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

செருகியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'டக்... டக்...' என்று தட்டுகிற சத்தம் வந்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள். தொழிலுக்கு வந்த புதிதில், அப்படித் தட்டிய ஒரு டிஸ்க்கில், பிழை திருத்தும் 'செக் டிஸ்க்' நிரலை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. ஒரு குழந்தையின் காதுகுத்துப் படங்கள் முழுக்க என் கையால் போயின. இந்த மாதிரி டிஸ்க்கை, டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிறவர்களிடம் கொடுங்கள். செலவு பிடிக்கும், ஆனால் நாம் கை வைக்கும் இடமில்லை அது.

அப்புறம், பாமினி. மாமனாரின் ஃபைல் புதுக் கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஃபான்ட் அது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறை இல்லை. ஃபைல் கெட்டிருக்காது, ஃபான்ட்தான் இல்லை. பழைய டிஸ்க்கில் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கும். பத்திரிகைகளுக்குப் பயன்படுத்திய மற்ற ஃபான்ட்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு புதுக் கணினியில் இன்ஸ்டால் செய்யுங்கள்.

பெட்டியை அந்த சர்வீஸ்காரரிடமே தருவதானாலும் தாருங்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு.