மலைப்பாதையில் கோடைப் பணிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மே மாதத்தில் குடும்பத்துடன் உதகைக்குச் சென்றபோது, பர்லியாறுக்கு மேலே சாலையின் ஒரு பாதியைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தோம். ஆண்டு முழுவதும் சும்மா இருந்துவிட்டு, சீசன் நேரத்தில்தான் வேலை செய்ய வேண்டுமா? தோண்டிய இடத்தில் ஓர் ஆள்கூட இல்லை என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: எரிச்சல் நியாயமானதுதான். ஆனால், 'ஆண்டு முழுவதும் சும்மா' என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. நீலகிரிக்கு இரண்டு பருவமழைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கத்தை நனைத்து எடுக்கிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையோ, நீங்கள் ஏறிய அதே கிழக்குச் சரிவில்தான் தன் வேகத்தைக் காட்டுகிறது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவுகள் அந்த மழையில் நேர்ந்தவையே. சரிவின் அடியை வெட்டித் தடுப்புச் சுவர் எழுப்பும் வேலையை அப்படிப்பட்ட மாதங்களில் தொடுவது, மலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வதற்குச் சமம்.

சரி, மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் தார் போடலாமே என்று கேட்பீர்கள். ஆலையிலிருந்து ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் கிளம்பும் தார்க்கலவை, டிப்பர் லாரியில் வளைவுகளைச் சுற்றி மேலே வந்து சேர்வதற்குள் ஆறத் தொடங்கிவிடும். ஆறிய கலவையின் மேல் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் அது இறுகாது, அடுத்த மழையிலேயே ஜல்லி பெயர்ந்து வரும். ஆகவேதான், காற்றின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, மழையோ மூடுபனியோ இருந்தாலோ தார் போடக்கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பணி விதிகளே தடுக்கின்றன. உறைபனி விழும் உதகையின் குளிர்காலக் காலைகளை இந்தக் கணக்கில் கழித்துவிட்டால், மிஞ்சுவது பிப்ரவரி முதல் மே வரையிலான காலம். நீங்களும் நானும் மலையேறப் பார்த்து வைத்திருக்கும் மாதங்களில் பாதி அதற்குள்தான் அடங்குகின்றன.

ஆள் இல்லாத பள்ளத்துக்கும் ஒரு காரணம் உண்டு. தடுப்புச் சுவருக்கோ சிறுபாலத்துக்கோ போட்ட கான்கிரீட், கணக்கிட்ட வலுவைப் பெற 28 நாட்கள் ஆகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அதன்மீது நனைந்த சாக்கு கிடக்கும், காலையும் மாலையும் ஒருவர் வந்து தண்ணீர் விட்டுப் போவார். காரில் கடந்து செல்பவருக்கு அது கைவிடப்பட்ட இடமாகத் தெரியும். சுவரில் வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும் குழாய்த் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் பின்னாலிருந்து சுவரைத் தள்ளாமல் வெளியேற அவைதான் வழி. அவை அடைத்துக்கொண்டால், எவ்வளவு தடிமனான சுவரும் ஒரு மழைக்காலத்தில் வயிறு தள்ளிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிப்ரவரியில் தொடங்க வேண்டிய பணிக்கு ஒப்பந்தப்புள்ளி தள்ளிப்போய், ஏப்ரல் நடுவில் பொக்லைன் வந்து நிற்பதை வானிலையின் தலையில் கட்ட முடியாது. உங்கள் கோபத்தை அந்தத் தாமதத்தின் மீது வைத்தால் நானும் உங்களோடு சேர்ந்துகொள்வேன்.

கேள்வி: நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்குத்தான் இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்துவிட்டார்களே, இனி நெரிசல் இருக்காது அல்லவா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 அன்று நடைமுறைக்கு வந்த இ-பாஸ், முதலில் வண்டிகளை எண்ணுவதோடு நின்றது. 2025 ஏப்ரல் முதல்தான் கோடைக்கு உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று அப்போது வரையறுத்தார்கள். அத்தனை வண்டிகளும் காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் மேட்டுப்பாளையத்தைக் கடந்தால், ஒரு பாதி மட்டும் திறந்திருக்கும் சாலையில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி முறையைக் காவல் துறை பெரும்பாலும் கடைப்பிடிப்பதால், எதிர்வண்டித் தொல்லை ஓரளவு குறையும். விடியற்காலையில் மலையடிவாரத்துக் கல்லாறைக் கடந்துவிடுவதே என் வழக்கம். ஒரு சந்தேகமும் இல்லாமல் செவ்வாய், புதன் கிழமைகளைத் தேர்ந்தெடுங்கள். அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: குறுகிய இடத்தில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றால் யார் பின்வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: மேலே ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குபவர் ஒதுங்க வேண்டும். சரிவில் நின்றுவிட்ட பாரவண்டி மீண்டும் நகர்வது கடினம் என்பதால் வந்த விதி இது. சாலைப் பணி நடக்கும் இடத்தில் இரு பக்க வண்டிகளையும் மாறி மாறி விடுவதற்குக் கொடி பிடித்தவர் நின்றால் இந்த விதிக்கு வேலையில்லை, அவர் சொல்வதே சட்டம். கடைசியாக விட்ட வண்டியின் எண்ணை அவர் கைப்பேசியில் மறுமுனைக்குச் சொல்வதைக் கவனித்திருக்கிறேன். வரிசையை மீறி நீங்கள் நுழைந்தால் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். காத்திருக்கும்போது சக்கரத்துக்குப் பின்னால் அண்டக் கொடுத்த கல்லைப் புறப்படும் முன் எடுத்து ஓரத்தில் போடுங்கள், பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு வளைவில் அது கண்ணில் படாது.