படைத்த பாத்திரமே எழுத்தாளரைத் துரத்துமா?

தொலைக்காட்சி நாடகமொன்றில், எழுத்தாளர் உருவாக்கிய பாத்திரமே அவர் எதிரே வந்து உட்கார்ந்து வாதாடுகிறது. நிஜத்தில் இப்படி நடக்குமா என்பது கேள்வி. ஓரளவு நடக்கும். கற்பனைப் பாத்திரம் தன் விருப்பப்படி பேசுவதாக எழுத்தாளர் உணர்வதுதான் இது.

காரணம் பழக்கம். திருகோணமலை மீன் சந்தையில் பாரையைக் கையில் எடுத்ததும், "செவுளைப் பார்த்து வாங்கு" என்று அம்மாவின் குரல் எனக்குக் கேட்கும். அம்மா இருப்பதோ உப்புவெளி வீட்டில். நீண்டநாள் பழகியவர் என்ன சொல்வார் என்பதை மனம் முயற்சியின்றியே சொல்லிவிடுகிறது. பாத்திரமும் அப்படித்தான்.

எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் 1893இல் தன் துப்பறியும் பாத்திரமான ஷெர்லாக் ஹோம்ஸைக் கதையில் கொன்றார். வாசகர்கள் விடவில்லை, 1903இல் உயிர்ப்பித்தார். (அவரைத் துரத்தியது பாத்திரமா, வாசகரா?)

பாத்திரத்தின் குரல் கேட்பதைப் பேய் என்றோ மனநோய் என்றோ பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் குரல் தன் கற்பனைதான் என்பது எழுத்தாளருக்கு நன்றாகவே தெரியும்.