பெண் மைக்ரோ ஆர்என்ஏ ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள்: அனுப்பலாமா?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெண் உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடிக்கப் போகிறாள். சிறுநீரகப் புற்றுநோயில் மைக்ரோ ஆர்என்ஏக்களின் பங்கு என்ற தலைப்பில் முனைவர் பட்டம் செய்ய ஆசைப்படுகிறாள். "இவ்வளவு சின்ன விஷயத்தைப் படித்துவிட்டு வந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் பதில் தலைப்பில் இல்லை. அவள் சேரப்போகும் ஆய்வகத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில், அவள் எதைப் பார்த்து மயங்கியிருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மரபணு சொல்லும் செய்தியை ஒரு வகை ஆர்என்ஏ சுமந்து போகும். அதைப் படித்துத்தான் செல் புரதம் தயாரிக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்து நீளமே உள்ள குட்டித் துண்டு. அதிலிருந்து புரதம் எதுவும் வராது. செய்தி சுமக்கும் ஆர்என்ஏவில் தனக்குப் பொருந்தும் இடம் பார்த்து ஒட்டிக்கொண்டு, புரதத் தயாரிப்பைக் குறைத்துவிடும். 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் ஆகிய இருவரின் குழுக்களும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டன. புழுவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2000-இல் ருவ்கன் ஆய்வகம் கண்ட லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ மனிதன் உட்படப் பல விலங்குகளில் அப்படியே இருப்பது தெரிந்ததும் நிலைமை மாறியது. 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இதில் சிறுநீரகம் எங்கே வருகிறது? சிறுநீரகப் புற்றுநோயில் சுமார் முக்கால் பங்கு தெளிசெல் வகை. அந்தச் செல்களில் கொழுப்பும் கிளைக்கோஜனும் நிறைய இருக்கும். திசுவைப் பதப்படுத்தும்போது அவை கரைந்து போவதால், நுண்ணோக்கியில் செல் காலியாகத் தெரியும். அதனால்தான் இந்தப் பெயர். இந்த வகையில் பெரும்பாலும் விஎச்எல் என்ற மரபணு பழுதாகியிருக்கும். அது போனால், தாராளமாக ஆக்சிஜன் இருக்கும்போதே செல் மூச்சுத் திணறுவதுபோல நடந்துகொள்ளும்; புது ரத்தக் குழாய்களை வரவழைக்கும். ஆக்சிஜன் குறைந்தால் கூடும் மைக்ரோ ஆர்என்ஏ ஒன்று உண்டு, மிர்-210. அது இந்தக் கட்டிகளில் எகிறிக் கிடக்கிறது. இன்னொரு பக்கம் மிர்-141, மிர்-200சி இரண்டும் குறைந்துவிடுகின்றன. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதத்தின் தயாரிப்பை நிறுத்தக்கூடிய எதிரிகளை அடக்கி வைத்திருப்பவை அவை. அவை குறைந்தால் பிடி தளர்கிறது, செல் நகரத் தொடங்குகிறது. ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் காரணம் இருக்கிறது. அறிவியல் பிடித்த பெண்ணுக்கு இதில் மனம் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை.

இந்தப் புற்றுநோய் சத்தமில்லாமல் வளரும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் அதிகம். ரத்தத்திலோ சிறுநீரிலோ முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் குறியீடு கிடைத்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். மைக்ரோ ஆர்என்ஏ ரத்தத்திலும் சிறுநீரிலும் லேசில் சிதையாது. மெழுகில் பதித்து வருடக்கணக்கில் வைத்த திசுவிலிருந்துகூட எடுக்கலாம். அதனால்தான் இத்தனை ஆய்வகங்கள் இதன் பின்னால் போகின்றன.

ஆனால் இதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்: சிறுநீரகப் புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனை எதுவும் இன்னும் வழக்கமான மருத்துவத்துக்குள் வரவில்லை. மருந்தாக்கும் முயற்சியும் எளிதாக இல்லை. மிர்-34-ஐப் போலச் செய்யப்பட்ட எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்தைப் பல வகைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த கடுமையான பக்கவிளைவுகளால் 2016-இல் அந்தச் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஐந்து வருடத்தில் மருந்து கண்டுபிடித்துவிடுவேன் என்ற நினைப்போடு போனால் மூன்றாவது வருடம் உடைந்துவிடுவாள்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தால், மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) லேசாக இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 இரண்டும் ஏராளம். மிர்-16-ஐ ஒப்பீட்டு அளவுகோலாக வைத்திருந்தால் மொத்தக் கணக்கும் கோணிவிடும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி, இப்படி மூன்று மாத மாதிரிகளைத் தூக்கிப்போட வேண்டியிருந்தது என்று அழுதாள். பிறகு ஒவ்வொரு குழாயையும் வெள்ளைத் தாளுக்கு எதிரில் பிடித்து நிறம் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கத்தை அவளே அந்த ஆய்வகத்தில் கொண்டுவந்தாள். நேர்முகத் தேர்வில் அவளுக்கு வேலை வாங்கித் தந்தது இந்த ஒரு சம்பவம்தான்.

"மைக்ரோ ஆர்என்ஏ நிபுணர் தேவை" என்று விளம்பரம் வருவது அபூர்வம்தான். ஆனால் ஆர்என்ஏ பிரிப்பது, அதன் அளவை அளக்கும் க்யூபிசிஆர் முறை, ஆர்என்ஏவின் எழுத்து வரிசையைப் படித்துக் கிடைக்கும் தரவை ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகளில் அலசுவது, நோயாளி மாதிரிகளை ஒழுங்காகக் கையாள்வது எல்லாம் இந்த ஒரே தலைப்புக்குள் வந்துவிடும். நோயறிதல் ஆய்வகம், மருந்து நிறுவனம், மருத்துவமனை மாதிரி வங்கி, மருத்துவச் சோதனை ஒருங்கிணைப்பு, உயிரித் தகவலியல் என்று இவற்றைக் கேட்கும் இடங்கள் நிறைய. என் அனுபவத்தில் கைவேலை, கணினி இரண்டும் தெரிந்தவர்கள் அதிக நாள் காத்திருப்பதில்லை. ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்கும் ஆய்வகம் என்றால் எனக்குத் தயக்கம் உண்டு.

அதனால் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவள் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நோயாளி மாதிரிகள் எங்கிருந்து வருகின்றன, அறுவை மருத்துவரும் நோயியல் மருத்துவரும் கூட்டில் இருக்கிறார்களா, நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறதா? மாதிரிக்காகவே ஒன்றரை வருடம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தரவை அலசுவது யார்? மாணவர்களா, வெளியாளா? அப்புறம், அங்கே முடித்துப்போன கடைசி நான்கைந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? வழிகாட்டியிடம் மட்டும் கேட்காமல் அந்த மாணவர்களிடமே பேசச் சொல்லுங்கள்.

சேர்வதற்கு முன்பே அவள் ஒரு வேலை செய்து பார்க்கலாம். புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுத் தரவைத் திரட்டிய கேன்சர் ஜீனோம் அட்லஸ் திட்டத்தில் தெளிசெல் கட்டிகளின் மைக்ரோ ஆர்என்ஏ அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2013-இல் வெளியான அதன் ஆய்வு 400-க்கும் மேற்பட்ட கட்டிகளை அலசியது. அதில் மிர்-210 கூடியிருக்கிறதா, மிர்-141 குறைந்திருக்கிறதா என்று அவளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு மாதம் போதும். ஒரு சாதாரணக் கணினி இருந்தால் தொடங்கிவிடலாம். வரைபடம் வந்ததும் உங்களை உட்காரவைத்து விளக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே ஆசையோடு இருந்தால், அந்த வரைபடத்தையும் ஆய்வகங்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள்.